கம்பனித் தளம், மின்னஞ்சல், தரவுத்தளம்: பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாறுவது எப்படி

புறக்கோட்டையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள ஒரு சிறு கம்பனியின் இணைய வேலையை உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். பழைய ஹோஸ்டிங் கட்டணம் ஏறிவிட்டது, அல்லது சேர்வர் அடிக்கடி படுத்துக்கொள்கிறது, அல்லது எல்லாவற்றையும் செய்துகொடுத்த தம்பி கனடாவுக்குப் போய்விட்டார். இப்போது எல்லாவற்றையும் புதிய இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். சீபேனல் (ஹோஸ்டிங்கை உலாவியிலிருந்தே நிர்வகிக்கும் பலகை) உள்ள பகிர்வு ஹோஸ்டிங், சில ஜிபி கோப்புகள், ஒரு வேர்ட்பிரஸ் தளம் அல்லது பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருள், பத்து இருபது மின்னஞ்சல் முகவரிகள். கொழும்பில் பெரும்பாலான சிறு கம்பனிகளின் நிலை இதுதான். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கோப்புகளைப் பிரதியெடுப்பது இதில் மிகச் சுலபமான பகுதி. நான் பாடுபட்டதெல்லாம் எது யார் பெயரில் இருக்கிறது என்பதிலும் மின்னஞ்சலிலும்தான். ஆகவே அவற்றைப் பற்றியே அதிகம் சொல்லப்போகிறேன்.

1. முதலில் சாவிகளைக் கையில் எடுங்கள்

டொமைன் வேறு, டிஎன்எஸ் வேறு, ஹோஸ்டிங் வேறு. டொமைன் என்பது கம்பனியின் இணையப் பெயர், டிஎன்எஸ் அந்தப் பெயர் எந்தச் சேர்வரைக் காட்டுகிறது என்று சொல்லும் பதிவேடு, ஹோஸ்டிங் தளம் உட்கார்ந்திருக்கும் வாடகைச் சேர்வர். மூன்றும் ஒரே பில்லில் வருவதால் முதலாளிக்கு மூன்றும் ஒன்றாகத் தெரியும். ஒவ்வொன்றுக்கும் உள்நுழையும் கணக்கு எது, அது யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது, கட்டணம் எந்த அட்டையிலிருந்து போகிறது என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

டொட் எல்கே டொமைன் என்றால் பதிவு எல்கே டொமைன் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். டொட் கொம் என்றால் ஏதாவது ஒரு வெளிநாட்டுப் பதிவாளரிடம் இருக்கும். இரண்டிலும் தொடர்பு மின்னஞ்சல் எது என்று பாருங்கள். பழைய டெவலப்பரின் சொந்த ஜிமெயில் அங்கே இருந்தால், வேறு எந்த வேலையும் தொடங்குமுன் அதை மாற்றுங்கள். அவருடன் உறவு நல்லபடி இருக்கும்போதே கேட்டால் ஐந்து நிமிட வேலை. சண்டை பிடித்த பிறகு என்றால் கடிதம், அத்தாட்சி, காத்திருப்பு.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கும் முகவரியாக இருப்பது. மாற்றத்தின்போது மின்னஞ்சல் நின்றுவிட்டால், டொமைன் கணக்கின் கடவுச்சொல்லை மீட்கும் கடிதமும் அதே நின்றுபோன பெட்டிக்குத்தான் போகும். கம்பனிக்கென்று வெளியே ஒரு ஜிமெயில் கணக்குத் திறந்து, அதைத் தொடர்பு முகவரியாக வையுங்கள். அதன் இருபடிச் சரிபார்ப்பு முதலாளியின் தொலைபேசிக்குப் போகட்டும், உங்களுடையதுக்கு வேண்டாம்.

ஆவணங்களையும் இப்போதே ஸ்கேன் பண்ணி ஒரு கோப்புறையில் போடுங்கள்: வணிகப் பதிவுச் சான்றிதழ், இயக்குநர் கையொப்பமிட்ட கடிதத்தலைப்புக் கடிதம், அவரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, கடைசியாக டொமைனுக்குக் கட்டிய பற்றுச்சீட்டு. உரிமையில் சிக்கல் வந்தால் இவற்றைத்தான் கேட்பார்கள். இயக்குநர் ஊரில் இல்லாத கிழமையில் கையொப்பம் தேடி அலையாமலாவது இருக்கலாம்.

சேர்வர் மாற்றுவதற்கு டொமைனை வேறு பதிவாளரிடம் மாற்றத் தேவையில்லை. புதிய ஹோஸ்டிங் விற்பவர்கள் "டொமைனையும் எங்களிடமே கொண்டுவாருங்கள்" என்பார்கள். இப்போது வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டொட் கொம் போன்ற டொமைன்களைப் பொதுவாக ஒருமுறை மாற்றினால் 60 நாட்களுக்கு மறுபடி மாற்ற முடியாது. இரண்டு வேலைகளைச் சேர்த்துச் செய்தால் எது உடைந்தது என்றும் தெரியாது.

2. இருப்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்

பழைய டிஎன்எஸ் பதிவுகள் அத்தனையையும் பிரதியெடுங்கள். ஏ (பெயருக்குரிய ஐபி, அதாவது சேர்வரின் எண் முகவரி), எம்எக்ஸ் (மின்னஞ்சல் போகும் சேர்வர்), டிஎக்ஸ்டி (சரிபார்ப்புக் குறிப்புகள்), சிநேம் (ஒரு பெயரை இன்னொரு பெயருக்குத் திருப்புவது), எல்லாம். புதிய, நீண்ட வகை ஐபி முகவரியான ஐபிவி6க்கான குவாட் ஏ பதிவைப் பலர் மறந்துவிடுவார்கள். ஏ பதிவை மட்டும் மாற்றி இதை விட்டுவிட்டால், ஐபிவி6 உள்ள தொலைபேசிகளில் பழைய தளமும் மற்றவற்றில் புதிய தளமும் திறக்கும். "எனக்கு வேலை செய்கிறதே" என்ற வாக்குவாதம் அங்கேதான் தொடங்குகிறது.

பிறகு மின்னஞ்சல் பெட்டிகள், ஃபோர்வேடர்கள், தானியங்கிப் பதில்கள், தரவுத்தளங்களின் பெயர்கள், பிஎச்பி பதிப்பு, கிரொன் வேலைகள் (குறித்த நேரத்தில் சேர்வர் தானாக ஓட்டுபவை). அத்துடன் பழைய சேர்வரின் ஐபி முகவரி எங்கெங்கே பதிவாகியிருக்கிறது என்றும் விசாரியுங்கள். சில வங்கிகளின் பேமண்ட் கேட்வேயும் எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைகளும் அனுமதித்த ஐபியிலிருந்து வரும் கோரிக்கையை மட்டுமே ஏற்கும். புதிய ஐபியைச் சேர்க்க வங்கிக்கு எழுதினால் பதில் வர நாட்கள் எடுக்கலாம். ஆகவே புதிய சேர்வரின் ஐபி கிடைத்த அன்றே அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். பழையதை நீக்கச் சொல்லாதீர்கள், புதியதைச் சேர்க்க மட்டும் சொல்லுங்கள்.

கணக்குப் பிரிவில் இருப்பவர்களிடம் ஒரு தேநீர் குடித்துக்கொண்டே விசாரித்தால் சீபேனல் காட்டாதவையும் வெளியே வரும். ஸ்கேன் பண்ணினால் மின்னஞ்சலாக அனுப்பும் போட்டோக்கொப்பி இயந்திரம், இரவு அறிக்கை அனுப்பும் பில்லிங் மென்பொருள், சிசிடிவி எச்சரிக்கை எல்லாவற்றுக்குள்ளும் பழைய மெயில் சேர்வரின் பெயரும் கடவுச்சொல்லும் உட்கார்ந்திருக்கும்.

3. புதிய இடமும் செலவும்

தளத்தையும் மின்னஞ்சலையும் பிரித்துவிடுங்கள் என்பதுதான் என் ஆலோசனை. தளத்துக்கு ஒரு விபிஎஸ் (உங்களுக்கென்றே ஒதுக்கிய மெய்நிகர் சேர்வர்) அல்லது நல்ல பகிர்வு ஹோஸ்டிங். மின்னஞ்சலுக்கு கூகுள் வேர்க்ஸ்பேஸ், மைக்ரோசொஃப்ட் 365, ஸோஹோ போன்ற ஏதாவது ஒரு சேவை. சொந்த விபிஎஸ்ஸில் மெயில் சேர்வர் போடுவதைப் புதியவர்களுக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். பல கிளவுட் நிறுவனங்கள் மின்னஞ்சல் வெளியே போகும் 25ஆம் போர்ட்டை அடைத்தே வைத்திருக்கின்றன. திறந்து தந்தாலும், உங்களுக்குக் கிடைத்த ஐபியை முன்பு வைத்திருந்தவர் குப்பை மடல் அனுப்பியிருந்தால் அந்தப் பாவம் உங்கள் தலையில்தான் விழும்.

மின்னஞ்சல் சேவைக்கு ஆள்கணக்கில்தான் காசு. 15 பெட்டிகள் இருந்தால் 15ஐ மாதக் கட்டணத்தாலும் 12ஆலும் பெருக்கி, டொலரை ரூபாவாக்கி, வங்கி சேர்க்கும் கட்டணத்தையும் போட்டு முதலாளிக்குக் காட்டுங்கள். தொகையைப் பார்த்ததும் முகம் மாறும். அப்போது பட்டியலைப் பாருங்கள். தகவல், விற்பனை, கணக்கு என்று வரும் பொது முகவரிகளில் பாதிக்குத் தனிப் பெட்டி தேவையில்லை. ஏற்கெனவே உள்ள ஒரு பெட்டிக்குக் கடிதம் வந்துவிழும் மாற்றுப்பெயராக வைத்தால் போதும், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

கம்பனி அட்டையில் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முன்கூட்டியே வங்கியில் கேளுங்கள். உள்ளூர் ஹோஸ்டிங் என்றால் ரூபாவில் பில் வரும், வற் பற்றுச்சீட்டு கிடைக்கும், கணக்காளருக்கு நிம்மதி. சேர்வர் வெளிநாட்டில் என்றால் சிங்கப்பூரோ மும்பையோ கொழும்புக்குக் கிட்ட. அமெரிக்காவில் மலிவு என்று போகாதீர்கள், பில்லிங் மென்பொருளில் ஒவ்வொரு கிளிக்கிலும் தாமதம் தெரியும். வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கம், மருத்துவத் தகவல் போன்றவை தரவுத்தளத்தில் இருந்தால், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வெளிநாட்டுக்குத் தரவு கொண்டுபோவதைப் பற்றி என்ன சொல்கிறது என்று கம்பனியின் சட்டத்தரணியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரு மாதத்துக்கு இரண்டு இடத்துக்கும் வாடகை கட்ட வேண்டிவரும். அதை மிச்சம் பிடிக்க முதலாளி முயல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.

4. டிஎன்எஸ்ஸை ஒரு கிழமைக்கு முன்பே வெளியே எடுங்கள்

பழைய ஹோஸ்டிங்கிலேயே டிஎன்எஸ் இருந்தால், அந்தக் கணக்கை மூடும் நாளில் அதுவும் சேர்ந்து போய்விடும். ஆகவே கிளவுட்ஃப்ளெயார் போன்ற இலவச டிஎன்எஸ் சேவை ஒன்றுக்கு முதலில் மாறுங்கள். பழைய பதிவுகளை அப்படியே அங்கே போட்டு, பிறகு டொமைன் கணக்கில் நேம்சேர்வரை (டிஎன்எஸ் பதிவுகளை வைத்துப் பதில் சொல்லும் சேர்வரை) மாற்றுங்கள். கிளவுட்ஃப்ளெயார் உங்கள் பதிவுகளைத் தானாகத் தேடி எடுத்துக்கொள்ளும், ஆனால் எல்லாவற்றையும் கண்டுபிடிக்காது. உங்கள் தாளுடன் வரிவரியாக ஒப்பிடுங்கள். மெயில் சேர்வரின் பெயருக்கு கிளவுட்ஃப்ளெயாரின் இடைத்தரகர் வசதியை (போக்குவரத்தைத் தன் வழியாக அனுப்புவதை) நிறுத்தி, வெறும் டிஎன்எஸ் ஆக வையுங்கள். டொமைனில் டிஎன்எஸ்செக் (டிஎன்எஸ் பதில்களுக்கு மின் கையொப்பமிடும் பாதுகாப்பு) போட்டிருந்தால் நேம்சேர்வரை மாற்றுமுன் அதை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முழு டொமைனும் பலருக்குத் திறக்காது.

நேம்சேர்வர் மாற்றம் எல்லோரிடமும் போய்ச்சேர இரண்டு நாட்கள் வரை ஆகலாம். இந்த நேரத்தில் பழைய இடத்திலும் புதிய இடத்திலும் ஒரே பதிவுகள் இருப்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

அது அடங்கிய பிறகு டிடிஎல்லை, அதாவது ஒரு டிஎன்எஸ் பதிலை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற அளவை, குறையுங்கள். சீபேனலில் வழமையாக 14400 விநாடி, அதாவது 4 மணித்தியாலம். சில இடங்களில் 86400, ஒரு முழு நாள். 300 ஆக்குங்கள். மாற்றும் இரவில் குறைத்துப் பயனில்லை, பழைய டிடிஎல் காலாவதியாகும் வரை உலகம் பழைய பதிலைத்தான் கையில் வைத்திருக்கும்.

இன்னொரு பொறி. சீபேனலில் எம்எக்ஸ் பதிவு பெரும்பாலும் டொமைன் பெயரையே காட்டும். தளத்தின் ஏ பதிவைப் புதிய ஐபிக்கு மாற்றிய அந்த நிமிடமே மின்னஞ்சலும் புதிய சேர்வரின் கதவைத் தட்டும், அங்கே அதைத் திறக்க ஆள் இருக்காது. எனவே மெயில் என்ற பெயரில் பழைய ஐபிக்கு ஒரு தனி ஏ பதிவு போட்டு, எம்எக்ஸை அதற்குத் திருப்பிவிடுங்கள். அப்புறம் தளத்தை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.

5. தளமும் தரவுத்தளமும்

கோப்புகளை உங்கள் கணினிக்கு இறக்கி மறுபடி ஏற்றாதீர்கள். வீட்டு இணைப்பின் ஏற்றும் வேகத்தில் சில ஜிபிக்கே இரவு போய்விடும், நடுவில் மின்சாரம் போனால் சொல்லவே வேண்டாம். பழைய சேர்வரில் எஸ்எஸ்எச் (சேர்வருக்குள் பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் வழி) கிடைத்தால் ஆர்சிங்க் என்ற பிரதியெடுக்கும் கருவியைக் கொண்டு சேர்வரிலிருந்து சேர்வருக்கு நேராக அனுப்புங்கள். இரண்டு பக்கமும் சீபேனல் என்றால் முழு பேக்கப் எடுத்துப் புதிய நிறுவனத்திடம் கொடுங்கள், மீட்டுத்தருவார்கள். பெரும்பாலும் இலவசம்.

பிஎச்பி 7.4க்கு 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டது. பழைய தளம் அதில் ஓடிக்கொண்டு, புதிய சேர்வரில் 8க்கு மேல்தான் இருக்கிறது என்றால், மாற்றத்துக்கு முன் சோதனைப் பிரதியில் பிழைகளைச் சரிசெய்யுங்கள். விண்டோஸ் சேர்வரிலிருந்து லினக்ஸுக்கு வருகிறீர்கள் என்றால் கோப்புப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டையும் பாருங்கள்.

தரவுத்தளத்தில் நம்மவர்களுக்கென்றே ஒரு தலைவலி இருக்கிறது: தமிழ், சிங்கள எழுத்துகள். தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல்லின் 8க்கு முந்திய பதிப்புகளில், எழுத்துகளைச் சேமிக்கும் இயல்பான குறிமுறை லத்தீன்1, அது மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கானது. அதில் அமைத்த அட்டவணைக்குள் தமிழ் போட்டால் பழைய தளத்தில் சரியாகவே தெரியும், ஏனென்றால் தவறாகப் போட்டதைத் தவறாகவே எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தது. புதிய சேர்வரில் அதே வாடிக்கையாளர் பெயர் தலையில் கோடிட்ட ஆங்கில ஏயும் வட்டத்துக்குள் ஆருமாக வரும். பயப்பட வேண்டாம், தரவு போகவில்லை. லத்தீன்1 என்றே சொல்லி டம்ப் (தரவுத்தளத்தின் முழு ஏற்றுமதிக் கோப்பு) எடுத்து, டம்ப் கோப்புக்குள் லத்தீன்1 என்று அறிவித்திருக்கும் இடங்களை எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொருந்தும் யுடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றி இறக்குமதி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். வெறும் கேள்விக்குறிகளாக வந்தால் அந்தப் பிரதியில் எழுத்து அழிந்தே போய்விட்டது. அதைத் திருத்த முயலாமல் பழைய சேர்வரிலிருந்து மறுபடி எடுங்கள். பழைய சேர்வரை உடனே மூடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

டம்ப் எடுக்கும்போது சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன் தெரிவைப் போடுங்கள். இன்னோடிபி (மைஎஸ்கியூஎல்லின் இயல்பான சேமிப்பு முறை) அட்டவணைகளைப் பூட்டாமல் ஒரே கணத்தின் நிலையை அது எடுத்துத்தரும். பிஎச்பிமைஅட்மின் (உலாவியில் தரவுத்தளத்தைக் கையாளும் கருவி) வழியாகப் பெரிய தரவுத்தளத்தை நகர்த்தாதீர்கள், கோப்பளவு அல்லது நேர வரம்பில் நடுவில் வெட்டுப்பட்டுவிடும். மைஎஸ்கியூஎல் 8லிருந்து அதன் கிளையான மரியாடிபிக்குப் போனால் ஒப்பீட்டு முறையின் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதியின்) பெயர் தெரியவில்லை என்று பிழை வரலாம். டம்ப் கோப்பில் அந்தப் பெயரைப் பொதுவான யுடிஎஃப்8எம்பி4 ஒப்பீட்டு முறைக்கு மாற்றுங்கள். இறக்கிய பிறகு முக்கிய அட்டவணைகளின் வரி எண்ணிக்கையை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள். செட்டியார் தெரு நகைக்கடை என்றால் அடகுப் பதிவில் ஒரு தமிழ்ப் பெயரையும் ஒரு சிங்களப் பெயரையும் திறந்து கண்ணால் பாருங்கள்.

நேர வலயம். வெளிநாட்டுச் சேர்வர்கள் பெரும்பாலும் யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். அதிகாலை 5.30க்கு முன் பதிவாகும் பில்லில் முதல்நாள் திகதி விழும். சேர்வர், பிஎச்பி, தரவுத்தளம், கிரொன் நான்கிலும் கொழும்பு நேரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

டிஎன்எஸ்ஸை மாற்றாமலே புதிய தளத்தைச் சோதிக்க, உங்கள் கணினி டிஎன்எஸ்ஸுக்கு முன்பே பார்க்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் டொமைன் பெயருக்கு நேரே புதிய ஐபியை எழுதுங்கள். படிவம், உள்நுழைவு, பணம் கட்டுதல், பிடிஎஃப் பில் எல்லாவற்றையும் ஓட்டிப்பாருங்கள். முடிந்ததும் அந்த வரியை அழித்துவிடுங்கள். தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான எஸ்எஸ்எல் சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற இலவசச் சேவையில் டிஎன்எஸ் சரிபார்ப்பு முறையில் முன்கூட்டியே எடுக்கலாம். இல்லாவிட்டால் பழைய சான்றிதழையும் சாவியையும் கொண்டுவந்து தற்காலிகமாகப் போடுங்கள்.

6. தளத்தை மாற்றும் இரவு

தளத்தையும் மின்னஞ்சலையும் ஒரே இரவில் மாற்றாதீர்கள். முதலில் தளம், ஒரு கிழமை கழித்து மின்னஞ்சல்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் நல்ல நேரம்போலத் தெரியும், ஆனால் சனி ஞாயிறில் ஹோஸ்டிங் ஆதரவில் தொலைபேசி எடுப்பது பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளை. போயாவுக்கு முதல்நாள் இரவும் அப்படித்தான். செவ்வாய் அல்லது புதன் இரவு 10 மணிக்கு மேல் எனக்குப் பிடித்தது. மார்ச் 31 நிதியாண்டு முடிவையும் சித்திரைப் புத்தாண்டுக் கிழமையையும் விட்டுவிடுங்கள்.

அன்று இரவு பழைய தளத்தில் பராமரிப்புப் பக்கத்தைப் போட்டு, தரவுத்தளத்தில் புதிதாக எதுவும் பதிவாகாமல் நிறுத்துங்கள். பழைய கிரொன் வேலைகளை நிறுத்துங்கள். இதை மறந்தால் இரண்டு சேர்வரும் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு எஸ்எம்எஸ் அனுப்பும், எஸ்எம்எஸ்ஸுக்குக் காசும் இரண்டு மடங்கு. பிறகு கடைசி டம்ப், கடைசி ஆர்சிங்க், இறக்குமதி, சரிபார்ப்பு, அதன்பின் ஏ பதிவும் குவாட் ஏ பதிவும். புதிய கிரொனை அதற்குப் பிறகே தொடக்குங்கள். பழைய தளத்தின் பராமரிப்புப் பக்கம் அப்படியே இருக்கட்டும். அதை எடுத்துவிட்டால், தாமதமாக வரும் ஆட்கள் பழைய தரவுத்தளத்துக்குள் ஓர்டர் போட்டுவிட்டுப் போவார்கள்.

7. மின்னஞ்சல்

தளம் ஒரு நாள் இறங்கினால் முதலாளிக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். மின்னஞ்சல் ஒரு மணித்தியாலம் நின்றால் கப்பல் ஆவணம் வரவில்லை என்று துறைமுகத்திலிருந்தே அழைப்பு வரும். அதனால் இங்கே அவசரப்படாதீர்கள்.

முதலில், யார் ஐமேப் (கடிதங்கள் சேர்வரிலேயே இருக்கும் முறை), யார் பொப்3 (கணினிக்கு இறக்கிக்கொள்ளும் முறை) என்று ஒவ்வொரு கணினியிலும் போய்ப் பாருங்கள். பொப்3 பாவிப்பவரின் பழைய கடிதங்கள் பெரும்பாலும் சேர்வரில் இருக்காது, அவருடைய அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புக்குள் மட்டும்தான் இருக்கும். பத்து வருடக் கடிதங்கள் ஒரே வன்தட்டில். எதையும் தொடுமுன் அந்தக் கோப்பை வெளி வன்தட்டு ஒன்றில் பிரதியெடுங்கள்.

புதிய சேவையில் எல்லாப் பெட்டிகளையும் மாற்றுப்பெயர்களையும் திறந்தபின், ஐமேப்சிங்க் போன்ற கருவியால் பழைய கடிதங்களை நகர்த்தலாம். நாட்களுக்கு முன்பே முதல் சுற்றை ஓட்டுங்கள். மறுபடி ஓட்டினால் புதிதாக வந்தவற்றை மட்டும் எடுக்கும். கூகுளுக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது: ஐமேப் வழியாக ஒரு பெட்டிக்கு நாளுக்கு 500 எம்பிதான் ஏற்றலாம். 10 ஜிபி வைத்திருக்கும் முதலாளியின் பெட்டிக்கு அப்படிச் செய்தால் மூன்று கிழமை. கூகுள் நிர்வாகப் பக்கத்திலேயே உள்ள தரவு இடமாற்ற வசதியைப் பாவியுங்கள்.

அடுத்து எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க். உங்கள் பெயரில் வரும் கடிதம் உண்மையானதா என்று பெறுபவர் சரிபார்க்க உதவும் டிஎன்எஸ் பதிவுகள் இவை: எந்தச் சேர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்வது எஸ்பிஎஃப், கடிதத்தின் மின் கையொப்பத்துக்கானது டிகிம், சரிபார்ப்பில் தவறினால் என்ன செய்வது என்று சொல்வது டிமார்க். 2024 பெப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்கும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம் கட்டாயம், நாளுக்கு 5000க்கு மேல் அனுப்புவோருக்கு மூன்றும் கட்டாயம். சின்னக் கம்பனி என்றாலும் மூன்றையும் போடுங்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். பழையதை வைத்துக்கொண்டு புதியதை இன்னொரு வரியாகச் சேர்த்தால் இரண்டுமே செல்லாது. மாற்றக் காலத்துக்குப் பழைய சேர்வரையும் புதிய சேவையையும் ஒரே வரிக்குள் எழுதுங்கள். தளத்தின் படிவங்கள் அனுப்பும் கடிதங்களையும் புதிய சேவையில் உள்நுழைந்தே அனுப்பும்படி வையுங்கள்.

எம்எக்ஸை மாற்றிய உடனே பழைய சீபேனலுக்குப் போய், மின்னஞ்சல் வழிப்படுத்தலை வெளிச் சேர்வர் என்று மாற்றுங்கள். பலரும் விடுவது இதைத்தான். மாற்றாவிட்டால் அந்தச் சேர்வர் உங்கள் டொமைன் இன்னும் தன்னிடமே இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதே சேர்வரில் இருக்கும் வேறு கம்பனிகள் உங்களுக்கு அனுப்பும் கடிதங்களைப் பழைய பெட்டிக்குள் போட்டுவிடும். அனுப்பியவருக்குப் பிழைச் செய்தி வராது, உங்களுக்குக் கடிதமும் வராது. கொழும்புக் கம்பனிகள் பல ஒரே உள்ளூர் ஹோஸ்டிங்கில் இருப்பதால் இது நீங்கள் நினைப்பதைவிட அதிகம் நடக்கிறது.

மறுநாள் காலை 8 மணிக்கே அலுவலகத்தில் இருங்கள். ஒவ்வொரு தொலைபேசியிலும் கணினியிலும் புதிய அமைப்பைப் போட வேண்டும், போட்டோக்கொப்பி இயந்திரத்திலும்தான். பழைய கணக்கை உடனே அழிக்காதீர்கள், அவுட்லுக்கில் பக்கத்திலேயே இருக்கட்டும். அன்று பின்னேரமும் மூன்று நாள் கழித்தும் ஐமேப்சிங்கை இன்னொரு தடவை ஓட்டி, பழைய பெட்டியில் தவறி விழுந்தவற்றைப் பொறுக்கியெடுங்கள்.

8. பழையதை மூடுவது

குறைந்தது 30 நாள் காத்திருங்கள், ஒரு மாதக் கடைசியும் அதற்குள் வரட்டும். மாத அறிக்கை, சம்பளத் தாள் போன்றவை அப்போதுதான் ஓடும். பழைய தளத்தின் லொக் கோப்பில் (வருகைப் பதிவில்) இன்னும் யாராவது வருகிறார்களா என்று பாருங்கள். வருவது தேடுபொறிகளும் பொட்களும் (தானியங்கி நிரல்களும்) மட்டும் என்றால் மூடலாம்.

மூடுமுன் முழு பேக்கப் ஒன்றை எடுத்து, வேறொரு கணினியில் திறந்துபார்த்து, முதலாளியிடம் வன்தட்டில் கொடுங்கள். பழைய தரவுத்தளத்தையும் பெட்டிகளையும் நீங்களே அழியுங்கள், கணக்கு தானாகக் காலாவதியாகட்டும் என்று விடாதீர்கள். எஸ்பிஎஃப் வரியிலிருந்து பழைய சேர்வரை எடுங்கள். மெயில் பெயரில் போட்ட தற்காலிகப் பதிவையும் பழைய ஐபியைக் காட்டும் துணை டொமைன்களையும் நீக்குங்கள், அந்த ஐபி நாளைக்கு யாரோ ஒருவருடையது. டிடிஎல்லை மறுபடி 3600 ஆக்குங்கள். வங்கிக்கும் எஸ்எம்எஸ் சேவைக்கும் பழைய ஐபியை எடுத்துவிடச் சொல்லி இப்போது எழுதலாம்.

ஹோஸ்டிங்கை நிறுத்தும் கோரிக்கையை எழுத்தில் அனுப்பி, பதிலைச் சேமித்துவையுங்கள். தானாகப் புதுப்பிக்கும் தெரிவை நிறுத்தி, அட்டை விவரத்தையும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். அதே பில்லில் டொமைன் புதுப்பிப்பும் சேர்ந்திருந்தால், கணக்கை மூடுமுன் டொமைனுக்கு வேறு கொடுப்பனவு வழி போட்டு, காலாவதித் திகதியை முதலாளியின் நாட்காட்டியிலும் கணக்காளரின் நாட்காட்டியிலும் பதிவுசெய்யுங்கள்.